சைகோன் சித்தியும் பேரன் பெயரும்

எங்கள் சித்தப்பா பிரெஞ்சு அரசாங்க உத்தியோகமாக சைகோன் போனவர். 1954-க்குப் பிறகு ஊர் திரும்பியபோது ஒரு வியட்நாமியப் பெண்ணை மணந்து அழைத்து வந்தார். புதுச்சேரியில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. தெருவில் எல்லோருக்கும் அவர் 'சைகோன் சித்தி'.

சித்தியின் குடும்பப் பெயர் ஙுயென். நம் அரிச்சுவடியில் வேலையில்லாமல் கிடக்கும் 'ங' எழுத்துக்கு அவரால்தான் வேலை வந்தது. வியட்நாமில் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு இதே குடும்பப் பெயர். அது முதலில் வரும்; சொந்தப் பெயர் கடைசியில். அழைப்பது சொந்தப் பெயரைச் சொல்லித்தான். வோ ஙுயென் கியாப்பை உலகமே 'ஜெனரல் கியாப்' என்றது அதனால்தான். கல்யாணமானாலும் பெண்கள் தகப்பன் வீட்டுப் பெயரை விடுவதில்லை. குமாஸ்தாவான எனக்குச் சித்தியின் பிரெஞ்சுப் படிவங்களை நிரப்புவது பெரும்பாடு.

1983-இல் சித்தப்பா காலமானார். நான்கு மாதத்தில் அவருக்குத் தலைப்பேரன் பிறந்தான். தாத்தா பெயரைத் தாங்குவதால்தானே பேரன்? சித்தப்பா பெயரையே வைப்பதென்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். சித்தி மட்டும் முடியாது என்றார். அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"பிள்ளையைத் திட்டினா அவரைத் திட்டினது மாதிரி. பெரியவங்க பேரை அப்படி வாயில போடக் கூடாது" என்றார்.

வியட்நாமில் முன்னோர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது மரியாதைக் குறைவு. அரசர் பெயர் என்றால் இன்னும் கடுமை. ஙுயென் ஹோவாங் என்ற பிரபுவின் பெயரை உச்சரிக்கக் கூடாதென்று, தெற்கே 'ஹோவாங்' என்ற குடும்பப் பெயரே 'ஹுயின்' ஆகிவிட்டது என்பார்கள்.

இதைக் கேட்டதும் என் அம்மாதான் முதலில் சித்தி பக்கம் பேசினார். "நான் மட்டும் உங்கப்பா பேரைச் சொல்றேனா?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. செத்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்க நாங்கள் ஆசைப்பட்டோம். சொல்லாமல் காப்பாற்ற அவர் ஆசைப்பட்டார்.

கடைசியில் பதிவேட்டில் சித்தப்பா பெயர். வீட்டில் 'ஹாய்'. ஹாய் என்றால் இரண்டு. தென் வியட்நாமில் தலைப்பிள்ளையை 'இரண்டு' என்றுதான் அழைப்பார்கள்; எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்கும். சித்தி "ஹாய்!" என்று கூப்பிட்டால், வந்த விருந்தாளிகள் தங்களுக்குத்தான் வணக்கம் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

சித்தி போய்ப் பல வருடங்களாகிவிட்டன. பையனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, பாரீசில் இருக்கிறான். அங்கே எல்லோரும் அவனைத் தாத்தா பெயரால் அழைக்கிறார்கள். போன வாரம் தொலைபேசியில் வழக்கம்போல், "என்ன ஹாய், சௌக்கியமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பெரியப்பா, இந்தப் பேரைச் சொல்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றான்.