தோளோடு சேர்த்துப் பிடி

பயிற்சியில் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியால் சுட்டுவிட்டு, தோளெல்லாம் கன்றிப்போய் வந்து நின்றாய் கண்ணு. "ரொம்ப உதைக்குது தாத்தா" என்றாய். எனக்கு 1968 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு 17 வயசு. 1879இல் வந்த சட்டத்திலிருந்தே நீலகிரியில் வேட்டைக்குக் கட்டுப்பாடு உண்டு. மசினகுடிக்கு லைசென்ஸோடு வருகிறவர்களுக்கு அப்பா தடம் பார்த்துக் கொடுப்பார். ஒருநாள் இரட்டைக் குழல் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். உதைக்குப் பயந்து பின்கட்டையைத் தோளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தேன். அங்கேதான் தப்பு. இடைவெளி விட்டால் துப்பாக்கி ஓடிவந்து இடிக்கும். தோள்குழியில் அழுத்தி வைத்தால் தள்ளத்தான் செய்யும். கொஞ்சம் முன்சாய்ந்து நின்றால் உடம்பு முழுக்க அதை வாங்கிக்கொள்ளும்.

குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே வந்தே தீரும். ஆனால் கனமான துப்பாக்கி மெதுவாக வரும். உன் எஸ்.எல்.ஆர். நாலு கிலோவுக்கு மேல். சுமக்கும்போது பாரம், சுடும்போது துணை. பின்கட்டையில் ரப்பர் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. சீகூர் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதினாரே கென்னத் ஆண்டர்சன், அவர் வைத்திருந்த 405 வின்செஸ்டர் முரட்டு உதைக்குப் பேர்போன ரகம். காதையும் அடைத்துக்கொள். பாதிப் பயம் சத்தத்தால் வருவது.

மீதிப் பயத்தை அப்பா எனக்குக் காட்டிக் கொடுத்தார். எனக்குத் தெரியாமல் சுட்டுப்போன வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். குதிரையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது, என் கண்ணும் மூடியிருந்தது. உதையே இல்லாத உதைக்கு நான் பதறியிருக்கிறேன்! அன்று பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை நின்றது. நின்றதே நல்லது. 2021 அக்டோபரில் இதே காட்டில் டி23 புலியை மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள் என்று கேட்டபோது மனசு நிறைந்துபோனது. உன் கையில் இருக்கும் துப்பாக்கியும் காவலுக்குத்தான்.

திங்கட்கிழமை போனதும், வெற்றுத் துப்பாக்கியில் பழக அனுமதி கேள். குழல்மேல் ஒரு நாணயத்தை வைக்கச் சொல்லிக் குதிரையை இழு. நாணயம் விழாமல் நிற்கும் வரைக்கும் பழகு. இந்தா, இந்த ஐந்து ரூபாயைப் பையில் போட்டுக்கொள்.