கதைக்குப் பெயரிடும் உரிமை

நற்செய்தி நூலைத் திறந்தவுடன் நம் கண்ணில் முதலில் படுபவை தடித்த எழுத்துகளில் அச்சிடப்பட்ட தலைப்புகள். அவை நற்செய்தியாளர் எழுதியவை அல்ல. அதிகாரப் பிரிவுகளை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்தேவான் லாங்டன் வகுத்தார் என்பர். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் இராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் இட்டவை. தலைப்புகளோ பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுபவை. இருந்தும், ஆண்டவர் சொன்ன கதை நம் நினைவில் தங்குவது அந்தத் தலைப்பின் உருவத்தில்தான்.

இந்த உண்மை எங்கள் பங்கின் விவிலிய வாசகர் குழுவிற்கு விளங்கியது, மறைக்கல்விப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு நூல் ஆயத்தம் செய்தபோது. இயேசு சொன்ன கதைகளில் 25-ஐத் தெரிந்து எளிய நடையில் எழுதும் வேலை சில ஞாயிறுகளில் முடிந்துவிட்டது. அவற்றுக்குத் தலைப்பிடும் வேலை தவக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

முதற் பிணக்கு, இக்கதைகளைப் பொதுவாக என்ன பெயரால் அழைப்பது என்பதிலேயே எழுந்தது. 'உவமை' என்றுதான் வழிபாட்டிலும் மறையுரையிலும் கேட்டு வருகிறோம். குழுவில் இருந்த தமிழாசிரியை இதற்கு உடன்படவில்லை. "உவமை என்றால் இதைப் போல அது என்று இரண்டையும் அருகருகே நிறுத்திக் காட்டவேண்டும். கதையை மட்டும் சொல்லி, சொல்ல வந்ததைக் கேட்பவனுக்கு விட்டுவிடுவது பிறிது மொழிதல் அல்லவா?" என்றார். தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமத்தையும் அணியிலக்கணம் கூறும் ஒட்டணியையும் துணைக்கு அழைத்தார். இலக்கணப்படி அவர் பக்கம் வலுவுண்டு. ஆனால் எபிரேயரின் 'மாஷால்' என்னும் சொல்லில் பழமொழி, விடுகதை, ஏளனப் பாட்டு, நெடுங்கதை எல்லாம் அடங்கும். கிரேக்கர் அதைப் 'பரபொலே' என்றனர். ஒன்றன் அருகே மற்றொன்றை வைப்பது என்பது பொருள். அது இலத்தீனுக்குள் புகுந்து, பின்னர்ப் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் 'சொல்' என்பதற்கே பெயராகிவிட்டது. இவ்வளவு தூரம் நெகிழ்ந்த ஒன்றை நாம் இலக்கண வேலிக்குள் அடைக்க வேண்டியதில்லை என்று 'உவமை'யையே வைத்துக்கொண்டோம். இதில் ஓர் இழப்பும் இருக்கிறது. உவமை என்றவுடன் பிள்ளைகள், "சத்திரக்காரர் யார்? இரண்டு தெனாரியம் எதைக் குறிக்கிறது?" என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். கதையை இவ்வாறு உறுப்பு உறுப்பாக மாற்றீடு செய்வதைத்தான் செருமானிய அறிஞர் அடோல்ஃப் யூலிகர், 1899-இல் நிறைவுற்ற தம் பெரு நூலில் வன்மையாக மறுத்தார்.

அடுத்து வந்தது லூக்கா 15. முதியோர் நாவில் அது 'ஊதாரி மைந்தன்'. பிரிந்த சபைச் சகோதரர்களிடம் 'கெட்ட குமாரன்' என்னும் வழக்கு உண்டு. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'காணாமற்போன மகன்' என்கிறது. மூன்றும் ஒரே இளைஞனைச் சுட்டினாலும் சுட்டும் விரல்கள் வேறு. முதற்பெயர் அவனுடைய செலவைப் பார்க்கிறது. அடுத்தது அவன்மீது தீர்ப்பு எழுதுகிறது. கடைசிப் பெயரை இழந்தவரின் வாயிலிருந்து மட்டுமே கேட்கமுடியும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பழைய பெயருக்காக வாதாடினார். "பாட்டி சொன்ன கதையும் புத்தகத்துக் கதையும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டாமா? ஊரறிந்த பெயரை நீங்கள் மாற்றினால் கதையே தொலைந்துபோகும்" என்றார். நாங்கள் அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில், எப்போதும் பேசாமல் அமர்ந்திருக்கும் ஓர் அம்மையார், "ஊதாரி என்று போடாதீர்கள் ஐயா. அவன் திருந்தி வீட்டுக்கு வந்து, அப்பா விருந்தும் வைத்துவிட்டார். நாம்தான் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார். அவருடைய மகன் குடியை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதும், தெருவில் அவனுக்கு இன்றும் பழைய அடைமொழியே வழங்குகிறது என்பதும் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பின்னர் அவர் 'ஊதாரி'யைப் பற்றிப் பேசவில்லை.

விவாதம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் மூத்த மகனாகப் பிறந்து பெற்றோரை இறுதிவரை பேணிய ஒருவர், "எந்தத் தலைப்பிலும் மூத்தவன் இல்லையே" என்று மெல்லக் குறைபட்டார். பார்த்தால் அது மெய்தான். ரெம்பிராண்ட் தம் இறுதிக் காலத்தில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் மூத்தவனெனக் கருதப்படுபவன் வலப்புறம் ஒதுங்கி நிற்கிறான். ஓவியத்தின் பெயரோ இளையவனின் திரும்புதலை மட்டும் சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1984-இல் ஒப்புரவு பற்றி எழுதிய மடலில் வீட்டிலேயே இருந்த அண்ணனையும் நம் முன் நிறுத்தினார். நாம் இட்ட பெயர்கள் எல்லாம் 24-ஆம் வசனத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. வயலிலிருந்து வந்தவன் உள்ளே நுழைந்தானா என்பதை ஆண்டவர் சொல்லாமலே விட்டார். அந்த வினாவைக் கேட்கும் வாய்ப்பையே தலைப்பு நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது.

'இரு புதல்வர்' என்று வைக்கலாம் என்றால், மத்தேயு 21-இல் திராட்சைத் தோட்டத்திற்குப் போகச் சொல்லப்பட்ட இரு புதல்வர் ஏற்கெனவே அப்பெயரோடு இருக்கிறார்கள். ஒரே பெயரில் இரு கதைகள் இருந்தால் பிள்ளைகள் குழம்புவர். அருள்சகோதரி ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். இக்கதையில் தந்தை இருமுறை வீட்டைவிட்டு வெளியே வருகிறார்: தொலைவில் வரும் இளையவனைக் கண்டு ஓடியது ஒருமுறை; உள்ளே வர மறுத்த மூத்தவனைக் கெஞ்சி அழைத்தது மறுமுறை. 'இருமுறை வெளியே வந்த தந்தை' என்று எழுதிக்கொண்டோம்.

'நல்ல சமாரியர்' என்பதில் தகராறு வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் குழுவிலிருந்த தலித் இளைஞர் ஒருவர், 'நல்ல' என்ற சொல் மூலத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். லூக்கா 10-ஐ வரிவரியாகப் படித்தோம். சமாரியரை அங்கே யாரும் 'நல்லவர்' என்று அழைக்கவில்லை. "அவங்க ஆளாக இருந்தாலும் நல்ல பையன் என்று என்னை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தவர்கள் உண்டு. புகழ்ச்சி எனக்கு, மீதிப்பேருக்கு அதில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்" என்றார் அவர். கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிப் பிணங்களைப் பிரித்துவைத்த வரலாறுடைய தமிழ்நாட்டுத் திருச்சபையில் இச்சொற்கள் யாருக்கும் விளக்கம் வேண்டாதவை.

யூலிகர் இக்கதையை உவமையிலிருந்து பிரித்து 'எடுத்துக்காட்டுக் கதை' என்றார். அவ்வாறு வகைப்படுத்தினால் சமாரியர் நற்பணிக்கு ஒரு மாதிரியாகிவிடுகிறார்; அத்துடன் யாவரும் மகிழ்ந்து வீடு திரும்பலாம். அவருடைய பெரும்புலமைக்கு வணக்கம் செலுத்திக்கொண்டே இவ்விடத்தில் அவரோடு மாறுபடுகிறோம். பிறருக்கு உதவுவதைக் காட்டுவது மட்டுமே நோக்கமாயின், அடிபட்டவனைத் தூக்கியவர் யூதரில் ஒருவராகவே இருந்திருக்கலாமே! கேட்டவர்கள் அருவருத்த இனத்தானை ஆண்டவர் வேண்டுமென்றே கொண்டுவந்தார். கதை முடிந்ததும் அந்தச் சட்ட அறிஞர் 'சமாரியர்' என்னும் சொல்லை நாவால் தீண்டாமல், இரக்கம் காட்டியவர் என்று சுற்றிவளைத்து விடை சொன்னதை லூக்கா பதிவு செய்திருக்கிறார். நாம் 'நல்ல' என்று சேர்த்ததும் ஒருவகையில் அவர் செய்த வேலையைத்தான் தொடர்கிறது. எங்கள் நூலில் அது 'எரிகோ சாலையில் ஒரு சமாரியர்'.

பிற கதைகள் இவ்வளவு பாடுபடுத்தவில்லை. விதைப்பவர் கதை உண்மையில் நால்வகை நிலங்களைப் பற்றியது எனச் சிலர் கூறினும், மத்தேயு 13-இல் ஆண்டவரே அதை விதைப்பவரின் உவமை என்று குறிப்பிடுவதால் அங்கே நாங்கள் வாய்மூடிக்கொண்டோம். செல்வரும் இலாசரும் வரும் கதையில் ஏழைக்குப் பெயருண்டு, செல்வருக்கு இல்லை. இலத்தீனில் செல்வரைக் குறிக்கும் 'தீவெஸ்' என்ற சொல்லையே அவருடைய பெயராக்கி மேல்நாட்டார் அந்தக் குறையை நீக்கிவிட்டது வேடிக்கைதான்.

லூக்கா 16-இன் வீட்டுப் பொறுப்பாளரிடம் மட்டும் தோற்றுப்போனோம். நேர்மையற்றவர் என்றும், முன்மதியோடு நடந்தவர் என்றும் 8-ஆம் வசனம் ஒன்றே இரண்டையும் சொல்கிறது. தமிழாசிரியை இரண்டாவதைக் கேட்டார், தலைமையாசிரியர் முதலாவதை விடவில்லை. அச்சகத்தார் அவசரப்படுத்தியதால் அப்பக்கத்தில் தலைப்புக்குரிய வரியை வெறுமையாக விட்டு அனுப்பியிருக்கிறோம். மற்றப் பக்கங்களில், தலைமையாசிரியரின் விருப்பப்படி, புதிய தலைப்பின் கீழே பழைய பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த அம்மையார் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இராது.