இரவு இரண்டு மணிச் சுற்று

தமையனாரின் சத்திரசிகிச்சைக்குப் பின்னர், அரசாங்க வைத்தியசாலையொன்றின் ஆண்கள் விடுதியில் ஐந்து இரவுகள் அவருக்குத் துணையாக நின்றேன். நித்திரை வராத பத்திரிகைக்காரன் கணக்கெடுக்கத் தொடங்கிவிடுவான். கட்டில்களிலும் தரையில் விரித்த பாய்களிலுமாக 43 நோயாளர். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை இரண்டே தாதியர்.

முதலிரவு அவர்கள்மீது எனக்குக் கோபமே வந்தது. பத்து மணிக்கு ஒழுங்காகத் தொடங்கிய சுற்று, விபத்தில் காயமடைந்த ஒருவர் கொண்டுவரப்பட்டதும் பாதியில் நின்றது. மீண்டும் தொடங்கியபோது அது கட்டில் வரிசைப்படி நகரவில்லை. சேலைன் முடிந்தவர், வலியால் அலறியவர், பக்கத்தில் உறவினர் நின்றவர் என்ற ஒழுங்கிலேயே நகர்ந்தது. (என் தமையனார் மூன்றாம் வகை. அந்தச் சலுகையை நான் மறுக்கவுமில்லை.) யன்னலோர மூலையில் கிடந்த முதியவர் எவரையும் அழைக்கவில்லை. இரண்டு மணிக்கு வந்த தாதி தூரத்தில் நின்றே அவரைப் பார்த்து, ஏதோ எழுதிவிட்டுச் சென்றார். என்ன எழுதினார் என்று விடியக் கேட்டேன்.

"நித்திரை எண்டு எழுதினனான் ஐயா."

அவர் கண் திறந்தே கிடந்தார் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "எழுதாட்டி எங்களைக் கேப்பினம். கிட்டப் போய்ப் பாத்தனீங்களோ எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றார்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. தாதியர் மணிக்கொரு முறை நோயாளரைச் சென்று பார்க்கவேண்டுமென 2012 ஜனவரியில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் வலியுறுத்தினார். 2019 இல் வெளியான இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வோ, அந்தச் சுற்றில் நோயாளரோடு பேசுவதைவிடப் படிவத்தை நிரப்புவதே முதன்மை பெற்றுவிடுவதைக் கண்டது. அதற்கும் முன்னர், 2002 இல், லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியா வைத்தியசாலைகளை ஆராய்ந்தனர். ஒரு தாதியின் பொறுப்பில் மேலதிகமாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், சத்திரசிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதத்தால் கூடியிருந்தது. 43 ஐ இரண்டால் வகுத்துப் பார்த்தபின் என் கோபம் திசைமாறிற்று.

மூன்றாம் இரவு, மூலைக்கட்டிலில் முனகல் கேட்டது. அவருக்காக நானே "மிஸி" என்று குரல் கொடுத்தேன். அதே தாதிதான் ஓடிவந்தார். சிறுநீர்க் குழாய் அடைபட்டு, கிழவரின் அடிவயிறு வீங்கியிருந்தது.

"ஏன் அப்பு கூப்பிடேல்லை?"

"நீ ஓடித் திரியிறாய் பிள்ளை. கரைச்சல் தரக்கூடாது எண்டு கிடந்தனான்."