காவலூரில் ஓர் இரவு

மலைக்குப் போகிறவர்கள் குளிர்ச்சியை நாடிப் போவார்கள். அல்லது சுவாமி தரிசனத்துக்குப் போவார்கள். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் நால்வரும் ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டது இவ்விரண்டுக்கும் அன்று. இருட்டைப் பார்க்கப் போனோம். பட்டணத்தில் பணம் கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு அது!

வாணியம்பாடியில் ரயிலை விட்டிறங்கி, பஸ் ஏறி ஆலங்காயத்தைக் கடந்தோம். பாதை வளைந்து வளைந்து ஏற, வெயிலின் கடுமை சிறிது சிறிதாகத் தணிந்தது. கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். சந்தன மரங்கள் வளர்ந்த காட்டினிடையே, கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தாற்போல் வெண்மாடங்கள் தென்பட்டன. இரவெல்லாம் ஆகாயத்தைக் காவல் காக்கும் இடத்துக்குக் காவலூர் என்ற பெயர் தற்செயலாகவே வாய்த்தது போலும்!

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு என்னும் பெரியார். 1968-ல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய தூரதிருஷ்டிக் கண்ணாடியுடன் இங்கே வேலை தொடங்கிற்று. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் பெருங்கண்ணாடி 1986-ல் திறந்து வைக்கப்பட்டது. அதைக் காண அவர் இருக்கவில்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். அவருடைய பெயரை மட்டும் அந்தக் கண்ணாடி தாங்கி நிற்கிறது.

இருட்டியதும் அங்கிருந்த இளம் விஞ்ஞானி ஒருவர் எங்களை வெளியே அழைத்து வந்தார். உச்சிக்கருகே புனர்பூசத்தின் இரட்டை நக்ஷத்திரங்கள் பளிச்சென்று விளங்கின.

"அந்த மிதுன ராசியில்தான் 'யூ ஜெமினோரம்' என்ற நக்ஷத்திரம் இருக்கிறது. ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வெறுங்கண்ணுக்குப் புலனாகும் கடைசி நக்ஷத்திரத்தைக் காட்டிலும் அது ஆயிரத்தைந்நூறு மடங்கு மங்கல்" என்றார்.

"தெரியாததை எதற்கு ஸார் காட்டுகிறீர்கள்?" என்று கேட்டான் எங்களுடன் வந்த பையன்.

"தம்பி, அது சுமார் நூறு நாளைக்கு ஒரு தடவை, ஓரிரு நாளுக்குள் நூறு மடங்கு பிரகாசம் அடைந்துவிடும். அப்போது சிறிய கண்ணாடியிலேயே பார்க்கலாம். ஒன்றிரண்டு வாரத்தில் பழையபடி அடங்கிவிடும்" என்றார் விஞ்ஞானி.

காரணத்தையும் விளக்கினார். அது ஒன்றன்று, இரண்டு. ஒன்று பூமியளவே உள்ள வெண்குள்ளன். ஆனால் சூரியனுக்குச் சமமான, அதற்கும் சற்று மிஞ்சிய, எடை கொண்டது. மற்றொன்று மங்கலான செந்நிற நக்ஷத்திரம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் சூரியனுடைய குறுக்களவைவிடக் குறைவு. நாலேகால் மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றி வந்துவிடுகின்றன! இவ்வளவு நெருக்கத்தில் குள்ளன் தன் துணையின் மேனியிலிருந்து வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுத்த வாயு நேரே விழுவதில்லை. குள்ளனைச் சுற்றி ஒரு வட்டத் தட்டாகச் சுழன்று தேங்குகிறது.

வட ஆற்காட்டு ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கால்வாயில் நீர் சிறுகச் சிறுக வருகிறது. ஏரி வெளிக்கு அமைதியாகவே இருக்கிறது. ஒரு நாள் கரை தாங்காமல் உடைப்பெடுக்கிறது. அப்படியே தட்டில் வாயு மிகுந்து, சூடு ஓர் எல்லையைத் தாண்டியதும், அவ்வளவும் ஒரேயடியாகக் குள்ளனை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவின் வெப்பமே நாம் காணும் ஒளி. தட்டு வற்றிக் குளிர்ந்ததும் மறுபடி சேமிப்புத் தொடங்குகிறது.

இந்த வகையில் வேறு சில நக்ஷத்திரங்களுக்குக் கோபம் இன்னும் பெரிது. விழுந்த வாயு குள்ளனின் மேல் போர்வையாகப் படிந்து, பல ஆண்டுகளுக்கு ஒரு முறை அணுக்கனலாய் வெடிக்கிறது. 'ஆர். எஸ். ஓபியூக்கி' என்பது 1985-ல் அவ்வாறு வெடித்தபோது, அனுபமா, பிரபு ஆகிய நம் நாட்டு விஞ்ஞானிகள் அதன் ஒளியைக் காவலூரிலிருந்து பகுத்து ஆராய்ந்தார்கள்.

மிதுனத்து நக்ஷத்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1855-ல் அதை லண்டனில் முதலில் கண்டவர் ஹிண்ட். மறு வருஷம் அது திரும்பவும் பிரகாசித்ததைக் கவனித்தவர்களில் ஒருவர் போக்ஸன். அந்தப் போக்ஸனே 1861-ல் சென்னை நுங்கம்பாக்கம் வான ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, 1891-ல் இறக்கும் வரையில் இங்கேயே இருந்தார். அவரிடம் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-ல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைத் தாமே கண்டுபிடித்தார். உத்தியோகத்தில் உதவியாளர், பார்வையில் யாருக்கும் குறைந்தவரல்லர். 1899-ல் அந்த நிலையத்தின் பணி கொடைக்கானலுக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த கிளையே காவலூர். ஆகவே இந்தக் காவல் நேற்று ஆரம்பித்ததன்று. ஒருவர் கண் அயர்ந்தால் இன்னொருவர் கண் விழித்துத் தொடர்ந்து வந்த காவல் அது.

"இன்றைக்கு வெடிக்குமா?" என்று பையன் ஆவலுடன் கேட்டான்.

"சொல்ல முடியாது. அதனால்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்" என்றார் அவர். பிறகு தொடுவானத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கே கீழேயுள்ள ஊர்களின் விளக்கொளி பால் தெளித்தாற்போல் ஆகாயத்தில் ஏறியிருந்தது. "எங்களுக்கு விரோதி மேகம் அல்ல; மேகம் போய்விடும். இந்த வெளிச்சம் வருஷத்துக்கு வருஷம் ஏறி வருகிறது. மங்கலான நக்ஷத்திரங்களை முதலில் விழுங்குவது இதுதான்."

நாங்கள் பதில் சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில் எங்கள் வீட்டு விளக்குகளுக்கும் உறவினர் உண்டல்லவா? ஊருக்கு விளக்கு வேண்டாமென்று யார் சொல்வார்கள்? இருளில் தடுக்கி விழுந்த கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது நம் பாக்கியம். ஆனால் வீதிக்கு வேண்டிய வெளிச்சத்தை ஆகாயத்துக்கு அனுப்புவதால் வீதிக்கு என்ன லாபம்? விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் தரையும் துலங்கும், வானமும் பிழைக்கும்.

அன்றிரவு நக்ஷத்திரம் வெடித்ததா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது. ஊர் திரும்பிய மறுநாள், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விடிய விடிய எரியும் விளக்கைப் பையன் தானாகவே அணைத்தான். அண்ணாந்து பார்த்தோம். புனர்பூசம் இரண்டும் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே முன்பு கண்டிராத சின்ன நக்ஷத்திரம் ஒன்றும் தெரிந்தது.