கைக்கு எட்டியது காதுக்கு எட்ட வேண்டும்

மனிதன் பாட்டைக் கேட்டு இன்புற்ற வழிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. இசைத்தட்டுச் சுழன்ற வீடுகளில், 1963ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை பின்னாளில் இடம் பிடித்தது. 1982இல் குறுவட்டு விற்பனைக்கு வந்தது. இன்றோ பாட்டுக்குத் தொட்டு எடுத்து அலமாரியில் வைக்கத்தக்க உடலே இல்லை. இணையத்தின் வழி வந்து, திறன்பேசிக்குள் அமர்ந்து, விரல் பட்டதும் ஒலிக்கின்றது. உடலற்ற பொருளைப் பேணுவது எங்ஙனம்? விலை கொடுத்தவர் அதனை 'என்னுடையது' என்று உரிமை கொள்வது எங்ஙனம்? இவை சிறிய வினாக்கள்போல் தோன்றலாம். ஆயினும் இவற்றின் பின்னே ஒரு கலைஞனின் உழைப்பும் ஒரு சமுதாயத்தின் நினைவும் அடங்கியுள்ளன.

திரைப்பட நிறுவனத்தின் துணையோ பெரிய இசை நிறுவனத்தின் முதலீடோ இல்லாமல், தாமே எழுதி, தாமே பாடி, தம் கைப்பொருளைச் செலவிட்டு ஒலிப்பதிவு செய்வோர் தற்சார்பு இசைக் கலைஞர்கள். அவர்கள் தம் பாடல்களை விற்பதற்கென்றே 'பேண்ட்கேம்ப்' போன்ற இணையத்தளங்கள் உள்ளன. 2008இல் தொடங்கப்பெற்ற அத்தளம் பாடல் விற்பனையில் 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். பணம் செலுத்தும் முறைக்கான சிறு கட்டணம் போக, எஞ்சியது கலைஞருக்குச் சேரும். வாங்கியவர் பாடலைத் தம் கருவியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் சேவையோ வாடகை வீடு போன்றது. கட்டணம் நின்றால் கதவு மூடப்படும். விலைக்கு வாங்கிய பாடல் சொந்த வீடு. ஆனால் சொந்த வீட்டுக்குச் சாவி வேண்டும். அதைத் திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பேராக் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கின்றார். அவரிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன் பள்ளிச் சபைகூடலில் நாள்தோறும் தமிழ் வாழ்த்துப் பாடுவான். "நீ பாட்டுப் பதிவு செய்யும் நாளில் முதல் ஆளாக வாங்குவேன்" என்று ஆசிரியர் அவனிடம் சொல்லியிருந்தார். ஆண்டுகள் பல கடந்தன. தலைநகரில் வேலை பார்க்கும் அம்மாணவன், தோட்டத்து வாழ்வின் ஒரு நாளை ஆறு பாடல்களாக்கி, பேண்ட்கேம்ப் தளத்தில் வெளியிட்டான். ஆசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விலையைச் செலுத்தினார்.

வாங்கிய பின்னரே சிக்கல் தொடங்கிற்று. எந்த வடிவத்தில் வேண்டும் என்று தளம் கேட்டது. எம்பி3, ஃபிளாக், ஏலாக், வேவ் எனப் பெயர்கள் வரிசையாய் நின்றன. மிகப் பெரியதே மிகச் சிறந்ததாய் இருக்கும் எனக் கருதி அவர் வேவ் என்பதைத் தொட்டார். காலை வணக்கப் படங்களாலும் வாழ்த்துக் காணொளிகளாலும் நிறைந்து கிடந்த அவருடைய திறன்பேசியில் இடம் போதவில்லை. பாதியில் நின்றுபோன மூட்டையை எத்தனை முறை தட்டியும் அது திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாணவன் தொலைபேசியில் அழைத்தான்.

"வணக்கம் ஐயா, பாடல்களைக் கேட்டீர்களா?"

"வாங்கிவிட்டேன், தம்பி. கைக்கு எட்டியது; காதுக்கு இன்னும் எட்டவில்லை."

"அதற்கென்ன ஐயா, யூடியூபிலும் இருக்கின்றது. அங்கேயே கேட்டுவிடுங்கள்."

"அங்கே எவரும் கேட்கலாம். நான் வாங்கியதை நான் கேட்க வேண்டாமா?"

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

அன்று மாலை, நான்காம் படிவத்தில் பயிலும் பேத்தி தாத்தாவின் அருகில் அமர்ந்தாள். வடிவம், இடம், வரிசை ஆகிய மூன்றையும் அறிந்தால் போதும் என்றாள்.

முதலாவது வடிவம். குறுவட்டின் தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகின்றது. அவ்வெண்களை அப்படியே வைத்திருக்கும் வேவ் வடிவத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் இடம் வேண்டும். 30 நிமிடத் தொகுப்பு 318 மெகாபைட் ஆகிவிடும். 2001இல் வெளிவந்த ஃபிளாக் அதே ஒலியை இழப்பின்றி மடித்து வைப்பது. பட்டுப் புடவையை மடித்தால் இடம் குறையும். விரித்தால் ஓர் இழையும் குறைந்திராது. ஆப்பிள் நிறுவனத்தின் ஏலாக் வடிவமும் அத்தகையதே. எம்பி3 வேறு வகை. செவி எளிதில் உணராத ஒலிகளை அது நீக்கிவிடுகின்றது. உயர்ந்த தரமாகிய 320 கிலோபிட் அளவிலும் நிமிடத்திற்கு 2.4 மெகாபைட் போதும். 30 நிமிடத்திற்கு 72 மெகாபைட்.

"வகுப்பில் எழுதும் சுருக்கம் போன்றதா?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ஆமாம் தாத்தா. சுருக்கத்திலிருந்து மூலக் கட்டுரையைத் திரும்பப் பெற முடியாதல்லவா? எம்பி3யைப் பின்னர் ஃபிளாக்காக மாற்றினாலும் போனது போனதுதான்."

ஆதலின், திறன்பேசியில் கேட்பதற்கு எம்பி3, வீட்டுக் கணினியில் காத்து வைப்பதற்கு ஃபிளாக் என இருவரும் முடிவு செய்தனர். வாங்கிய பாடலை வேறொரு வடிவத்தில் மீண்டும் பதிவிறக்க அத்தளம் இடந்தருகின்றது. மறுபடி விலை கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது இடம். தொகுப்பாக வாங்கும் பாடல்கள் 'ஸிப்' எனப்படும் ஒரே மூட்டையாய் வந்து, பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும். மூட்டையை அவிழ்க்காமல் இசைச் செயலி பாடாது. பேத்தி வேண்டாத படங்களை அழித்து இடம் உண்டாக்கினாள். எம்பி3 மூட்டையை இறக்கி, கோப்புச் செயலியில் பிரித்து, ஆறு பாடல்களையும் இசைக் கோப்புறைக்கு மாற்றினாள். அவற்றை இசைக்க வி.எல்.சி. என்னும் இலவசச் செயலியை நிறுவினாள். 1996இல் பாரிஸ் நகரப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது அச்செயலி.

ஆசிரியருடையது ஆண்ட்ராய்டு திறன்பேசி. ஐபோன் வைத்திருப்போர் வேறொன்றையும் அறிதல் நலம். அதிலுள்ள ஆப்பிளின் இசைச் செயலி ஃபிளாக் கோப்பைத் தன் நூலகத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்கள் ஏலாக் அல்லது எம்பி3 வடிவத்தை இறக்கி, கணினி வழியாக அந்நூலகத்தில் சேர்க்கலாம். அன்றேல் ஐபோனிலும் கிடைக்கும் வி.எல்.சி.யில் ஃபிளாக்கையே கேட்கலாம்.

மூன்றாவது வரிசை. பாட்டு ஒலித்தது, ஆனால் தாலாட்டு முதலில் பாடிற்று, விடியற்காலைப் பெரட்டு மணி கடைசியில் அடித்தது! செயலியின் பாடற்பட்டியல் தலைப்புகளை அகரவரிசையில் அடுக்கியிருந்தது. தொகுப்பு என்னும் பகுதியைத் திறந்ததும், கோப்புக்குள் பொதிந்திருந்த பாடல் எண்களின்படி பெரட்டு முன் வந்தது; பால்வெட்டு அதனைத் தொடர்ந்தது; லயத்து வீட்டுத் தாலாட்டு இறுதிக்குச் சென்றது. "அகரவரிசை அகராதிக்கு அழகு, பாட்டுக்கு அன்று" என்றார் ஆசிரியர்.

அன்றிரவு அவர் ஆறு பாடல்களையும் மும்முறை கேட்டார். மறுநாள் மாணவனை அழைத்து, "மூன்றாம் பாட்டில் இரண்டு இடங்களில் ழகரம் நழுவுகின்றது, தம்பி" என்றார். மாணவன் வாய்விட்டுச் சிரித்தான். பாராட்டுச் சொற்கள் பல அவனுக்கு முன்பே வந்திருந்தன. முழுதும் கேட்டார் ஒருவர் என்பதற்கு இந்த ழகரமே சான்றாயிற்று.

இத்தனை பாடு எதற்கு, இணையத்தில் இருப்பதை அங்கேயே கேட்டால் ஆகாதா என வினவுவோர் உண்டு. அவர்களுக்கு 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று விடையாகும். தற்சார்புக் கலைஞர்கள் பெருந்தொகையாய்ப் பாடல்களை ஏற்றி வைத்திருந்த 'மைஸ்பேஸ்' தளம், கணினி வழங்கிகளை மாற்றியபோது, தன்னிடமிருந்த பழைய பதிவுகள் அழிந்துவிட்டதாக அவ்வாண்டு அறிவித்தது. போனவை ஏறத்தாழ 5 கோடிப் பாடல்கள் எனச் செய்தி வந்தது. ஒரு சிறு பகுதி மட்டும் மீண்டது. 2008க்கும் 2010க்கும் இடையே ஆய்வுக்காகப் பாடல்களைப் பதிவிறக்கி வைத்திருந்த கல்வியாளர் சிலரிடமிருந்து 490,000 பாடல்கள் இணைய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. யாரோ சிலர் தம் கருவியில் படியெடுத்து வைத்திருந்தமையாலேயே அவை பிழைத்தன. ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்த பெரியோரை அறிந்த தமிழருக்கு இவ்வுண்மை புதிதன்று. படியெடுப்பார் இல்லாத ஏடு செல்லுக்கே இரையாகும்.

இக்கலை கடினமானதன்று, ஒரு பாட வேளையில் கற்பித்துவிடலாம். ஏற்ற வடிவத்தைத் தேர்தல், மூட்டையை அவிழ்த்து உரிய இடத்தில் வைத்தல், வரிசை பிறழாமல் கேட்டல், வேறொரு கருவியில் மற்றொரு படியைக் காத்தல் ஆகியவற்றை மாணாக்கர் விரைவில் பழகிக்கொள்வர். தம் வீட்டு முதியோர்க்கும் சொல்லித் தருவர். இளங்கலைஞன் ஒருவன் உழைத்துச் செய்த பாட்டுக்கு விலை கொடுப்பது நன்று. அப்பாட்டைத் தன் கையில் வைத்து, காது கொடுத்து, குறையும் நிறையும் எடுத்துச் சொல்லும்போதுதான் வாங்கியவரின் கடமை நிறைவு பெறுகின்றது.