இன்னிக்கு நம்ம பாடு இல்லப்பா

வேளச்சேரி ரூம்ல லேப்டாப்ப மூடாமலே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"என்னப்பா, ஏரிக்குப் போகலையா?"

"இன்னிக்கு நம்ம பாடு இல்லப்பா. கிழிஞ்ச வலையப் பாத்துட்டிருக்கேன். அம்மா டீ போடுது."

அவ்ளோதான். குரல்ல துளி பதட்டம் இல்ல.

தெரியாதவங்களுக்கு: பழவேற்காடு ஏரில இறால் விழுற நல்ல இடத்துல யார் வேணா வலை கட்டிட முடியாது. ஊர் கூடி, சீட்டு போட்டு, முறை வெச்சுப்பாங்க. அதான் பாடு.

சண்டையே வராதான்னா, வரும். நல்லாவே வரும்.
முகத்துவாரத்த மணல் அடைச்சிட்டா யார் பாடா இருந்தாலும் கூடை காலிதான்.
ஊர சொர்க்கம்னு சொல்ல வரல.

ஆனா ஒரு மனுஷன் "இன்னிக்கு என் முறை இல்ல"ன்னு நிம்மதியா சொல்றாரே, பொறாமையா இருக்கு.

இங்க தினமும் என் முறைதான். ஞாயித்துக்கிழமையும்.
என்னவ பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூப்பிட்டா, "ஒரு கால் முடிச்சிட்டு வரேன்"ங்கிறேன்.
ஆபீஸ்ல மனநல வகுப்பு வெச்சாங்க. அதையும் மியூட்ல போட்டுட்டு வேலை பாத்த ஆளு நான் 😄
இத எழுதுற நடுவுலயும் மெயில் பாத்தாச்சு.

எனக்கும் அவளுக்கும் வாரத்துல ஒரு சாயங்காலம் பாடு விழுற மாதிரி, சென்னையில யாராவது சீட்டு போட்டுக் குடுப்பீங்களா?