நோ நின்ற பின்னும்

எமது பெண்கள் பலர் வைத்தியசாலைக்குப் போவதை நிறுத்துவது நோய் தீர்ந்த நாளில் அல்ல, நோ நின்ற நாளில். மகளிர் சங்கங்களுடன் வேலை செய்யும் எனக்கு இது நாளாந்தம் காணும் விடயம். அதன் பாரதூரத்தை எனக்கு உணர்த்தியது என்னுடைய ஒரு முன்பல்.

பாடசாலைக் காலத்தில் சைக்கிளால் விழுந்து அடிபட்ட பல் அது. பின்னர் நரம்பை எடுத்து, வேருக்குள் ஆணி வைத்து, மேலே பீங்கான் உறை போட்டிருந்தார்கள். 2018 இல் அதற்கு மேலே முரசில் ஒரு பரு வந்து சீழ் வடியத் தொடங்கியது. குளிசை போட்டால் வற்றும், சில வாரங்களில் மீண்டும் வரும். எக்ஸ்ரே படத்தில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. கிருமித் தொற்றினால் அவ்விடத்தில் தாடை எலும்பு கரைந்திருப்பதாக வைத்தியர் விளக்கினார். வீட்டிலே எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கழட்டிப்போட்டுப் பொய்ப்பல்லைக் கட்டு பிள்ளை."

வைத்தியர் வேறு வழி சொன்னார். ஆணியைக் கழற்றப் போனால் வேர் வெடிக்கக்கூடும். ஆகவே முரசைத் திறந்து, எலும்பினூடாக வேரின் நுனியை மூன்று மில்லிமீற்றர் அளவில் வெட்டி, பழுதான சதையைச் சுரண்டி எடுத்து, வெட்டிய முகத்தை அடைத்துவிடலாம் என்றார். விறைப்பூசி போட்டுச் செய்தார்கள். ஒரு வாரத்தில் தையல் வெட்டினார்கள். மூன்றாம் வாரம் வீக்கமும் இல்லை, நோவும் இல்லை.

அடைத்தது பற்களுக்குப் பாவிக்கும் வெள்ளை நிறப் பிசின் வகையால். வேர் நுனியில் இதனை ஒட்டும் முறை 1980களில் டென்மார்க்கில் வளர்க்கப்பட்டது. ஆணி உள்ள வேரில் ஆழமாகக் குழி தோண்ட இடமிருக்காது. பிசினோ ஆழமற்ற குழிவில் ஒட்டிக்கொண்டு வெட்டுமுகம் முழுவதையும் மூடிவிடும். ஆனால் ஒட்டும் வேளையில் இரத்தமோ ஈரமோ பட்டால் அதன் பிடிப்புக் கெட்டுவிடும். அந்தக் குறை அன்றே தெரியாது. மாதங்கள் கழித்து எலும்புதான் அதனைக் காட்டும்.

இத்தகைய சத்திரசிகிச்சையின் பின் எக்ஸ்ரே படங்களை வகைப்படுத்தும் ஒரு முறையை டென்மார்க் ஆய்வாளர்கள் 1972 இல் வெளியிட்டார்கள். முழுமையாக ஆறியது, தழும்புடன் ஆறியது, நிச்சயமில்லாதது, ஆறாதது என்பன அந்த நான்கு வகைகள். ஒரு வருட முடிவில் என்னுடைய பல் மூன்றாவது வகை. கறுப்பு வட்டம் சிறுத்திருந்தது, மறையவில்லை. இப்படியானவற்றை நான்கு வருடம் வரை பார்த்துத்தான் முடிவு சொல்லலாம் என்றார் வைத்தியர்.

நோ இல்லாத பல்லுக்காக நான்கு வருடம் அலைவதா? 2020 இல் ஊரடங்கினால் கிளினிக் தவணை பல மாதங்கள் தள்ளிப்போனது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடவில்லை. அதற்குள் பொய்ப்பல் கதை வீட்டில் பலமுறை வந்து போனது. எப்படியோ போய்ச் சேர்ந்தேன். அந்த வருடப் படத்தில் கறுப்பு வட்டம் இருந்த இடத்தில் எலும்பு நிரம்பியிருந்தது. வேரைச் சுற்றி மெல்லிய கோடு மட்டுமே தெரிந்தது.

அத்துடன் கதை முடியவில்லை. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஐந்து வருட முடிவுகளில், எம்.ரீ.ஏ. எனும் சீமெந்தினால் அடைத்த பற்களில் 92 வீதத்துக்கு மேற்பட்டவை ஆறியிருந்தன. பிசினால் அடைத்தவற்றில் அது சுமார் 77 வீதம். என்னுடையது பிசின் என்பதால், இன்னும் இடைக்கிடை படம் எடுத்துப் பார்க்கிறேன்.

ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு சகோதரி கேட்டார்: "நோ இல்லாத பல்லுக்கு ஏன் மிஸ் ஒரு நாள் கூலியை விடுவான்?" நியாயமான கேள்வி. அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் பஸ்ஸுக்கும் அன்றைய உழைப்புக்கும் கணக்கு உண்டு. பிள்ளையின் தவணையும் மாமியாரின் தவணையும் தவறாத வீட்டில் தாயின் தவணை தவறுவதற்கு அவளின் கவலையீனம் காரணமல்ல. அவளுக்கென்று ஒரு நாளை அந்த வீடு ஒதுக்குவதில்லை என்பதே காரணம்.

எலும்பு நோவில்லாமலே கரையும். சீழ் மீண்டும் வரும்வரை காத்திருந்தால், பல்லோடு அதைத் தாங்கும் எலும்பும் போய்விடும். ஆகவே சகோதரிகளே, சத்திரசிகிச்சை செய்தவர்கள் அடுத்த தவணைத் திகதியை வீட்டுக் கலண்டரில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதுங்கள். பழைய படங்களையும் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்துங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். எங்கள் சங்கத்தில் இப்போது ஒருவருக்குத் தவணை என்றால் இன்னொருவர் அவரது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவைப்படவில்லை.